நிழலில் நாம், வெயிலில் பேனல்

வெள்ளி, புறப்படும் முன்

கேரவன் தயார். கூரையில் 100 வாட் சோலார் பேனல்கள் இரண்டு, படுக்கையாகப் பொருத்தியவை. படுக்கைக்கு அடியில் மடித்து வைக்கும் 120 வாட் பேனல் ஒன்று. இருக்கைப் பெட்டிக்குள் 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, பக்கத்தில் எம்பிபிடி சார்ஜ் கன்ட்ரோலர், பேனலின் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி. ஓடும்போது, கேரவனை இழுக்கும் வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து (இன்ஜினோடு சுற்றும் மின்னாக்கி) சார்ஜ் எடுக்க டிசி-டிசி சார்ஜரும் இருக்கிறது. இந்த முறை அதை அணைத்து வைத்துவிட்டுக் கிளம்புகிறோம். வெறும் வெயில் மட்டும் எவ்வளவு தூரம் தாங்கும் என்று முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. தம்பிக்கு இதில் அவ்வளவாகச் சம்மதமில்லை.

"மழை பிடிச்சா என்னக்கா பண்றது?"

"பேட்டரி முப்பது சதவீதத்துக்குக் கீழே போனா சார்ஜரைப் போட்டுடலாம். அதுவரைக்கும் தொடக் கூடாது."

சரி என்றான். அவன்தான் ஓட்டப் போகிறான், கணக்கு என் பொறுப்பு.

கணக்கு பெரிதாக ஒன்றுமில்லை. எங்களுக்கு ஒரு நாளைக்கு ஆகும் செலவு ஏறக்குறைய 60 ஆம்பியர்-மணி. அதில் பாதிக்கு மேல் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் தின்றுவிடும். கூரை விசிறிக்குப் பன்னிரண்டு, போன்களுக்கும் லேப்டாப்புக்கும் எட்டு, விளக்குகளுக்கு மூன்று, தண்ணீர் பம்புக்கு ஒன்றோ ஒன்றரையோ. வரவைப் பார்த்தால், 200 வாட் பேனலுக்கு நல்ல வெயில் ஐந்து மணி நேரம் கிடைத்தால் ஏட்டுக் கணக்கில் 1000 வாட்-மணி. சூடு, சாய்வு, தூசி, வயர் எல்லாம் போக முக்கால் பங்கு கைக்கு வரும் என்று வைத்தால் 750. பேட்டரி வோல்டேஜால் வகுத்தால் 57 ஆம்பியர்-மணி. வரவும் செலவும் கிட்டத்தட்ட நேர். வானம் கொஞ்சம் முகம் சுளித்தாலும் துண்டு விழும். மடிக்கும் பேனல் வருவது அதற்காகத்தான்.

சனி, சமவெளிச் சாலை

நாள் முழுக்க ஓட்டம். கேரவன் நகரும்போதும் கூரைப் பேனல் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். அடியில் காற்று ஓடுவதால் பேனல் குளிர்ந்து, நிறுத்தி வைத்திருக்கும்போது தருவதைவிடச் சற்று அதிகமாகவே தந்தது. சாலையோர மரங்கள் வரும் இடங்களில் ஆம்பியர் சரிவதும், வெட்டவெளி வந்ததும் நிமிர்வதும் போனில் தெரிந்துகொண்டே வந்தது. மாலை நிறுத்தியபோது பேட்டரி 96 சதவீதம்.

இந்தச் சதவீதம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் இதை வைத்துத்தான். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலில் ஒரு ஷண்ட் மாட்டியிருக்கிறேன். உள்ளே போகிற, வெளியே வருகிற ஒவ்வொரு ஆம்பியரும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அது கூட்டிக் கழித்துக் கணக்கு வைத்துக்கொள்ளும். லித்தியத்துக்கு வோல்ட் மீட்டர் மட்டும் போதாது. 90 சதவீதத்திலிருந்து 30 வரை இறங்கினாலும் வோல்டேஜ் 13.3-லிருந்து 12.9 போல அரை வோல்ட்டுக்குள்ளேயே நகரும். அதை வைத்து எவ்வளவு மிச்சம் என்று சொல்வது குத்துமதிப்பு. லெட் ஆசிட் (ஈய-அமில) பேட்டரியில் அப்படியில்லை. சில மணி நேரம் ஓய்வில் விட்டு அளந்தால் 12.7 நிறைவு, 12.1-12.2 பாதி என்று வோல்டேஜே ஓரளவு சொல்லிவிடும்.

ஞாயிறு, வெட்டவெளி

மரமே இல்லாத மைதானம். பேனலுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது, மனிதருக்கு இதைவிட மோசமான இடமும் கிடையாது. காலையிலிருந்து குறிப்பு எடுத்தேன். 7 மணிக்கு 0.8 ஆம்பியர். 9 மணிக்கு 5. உச்சி வேளையில் 11.5 வரை போனது. பேட்டரி அப்போது 13.6 வோல்ட்டில் இருந்தது, அப்படியென்றால் 156 வாட்.

200 வாட் என்று எழுதியிருக்கும் பேனல் ஏன் 156 தருகிறது? பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் எண் ஆய்வகத்தில் அளந்தது: சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, செல்லின் வெப்பநிலை 25 டிகிரி. மதியம் அகச்சிவப்பு வெப்பமானியால் பேனலின் அடிப்புறத்தை அளந்தேன், 62 டிகிரி. சிலிக்கான் செல்லுக்குச் சூடு ஆகாது. ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் சுமார் 0.35 முதல் 0.4 சதவீதம் திறன் குறையும். 37 டிகிரி அதிகம் என்றால் 14 சதவீதம் அங்கேயே போச்சு. மிச்சத்தைச் சாய்வும் வயரும் கன்ட்ரோலரும் எடுத்துக்கொள்கின்றன. கூரைக்கும் பேனலுக்கும் நடுவில் விரல் நுழையும் அளவுக்காவது இடைவெளி விட்டுப் பொருத்துங்கள் என்று பார்ப்பவரிடமெல்லாம் நான் சொல்வது இதனால்தான். கூரையோடு ஒட்டிவிடும் வளையும் பேனல் எடை குறைவு, பார்க்கவும் அழகு. ஆனால் அடியில் காற்று போக வழியில்லை. எடை கட்டுபடியாகும் என்றால் கண்ணாடிப் பேனல்தான் என் தேர்வு.

ஒன்றரை மணிவாக்கில் பேட்டரி 14.2 வோல்ட்டைத் தொட்டது. அதுவரை கன்ட்ரோலர் வந்ததையெல்லாம் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. பல்க் என்பது அந்தக் கட்டம். அதன்பின் வோல்டேஜை அங்கேயே பிடித்துக்கொண்டு, பேட்டரி கேட்கும் அளவுக்கு மட்டும் ஆம்பியர் கொடுத்தது. இது அப்சார்ப்ஷன். 11-லிருந்து 8, 4, 1 என்று கீழே இறங்கியதைப் பார்த்து, "பேனல் படுத்துடுச்சாக்கா?" என்றான் தம்பி. படுக்கவில்லை, பேட்டரிக்குப் போதும் என்றாகிவிட்டது. பிறகு 13.5-க்கு இறக்கி, நிறைந்த பேட்டரியை அப்படியே தக்கவைத்துக்கொண்டது. இது ஃப்ளோட். ஆம்பியர் குறைந்தால் இரண்டு காரணம் இருக்கலாம்: வெயில் போதவில்லை, அல்லது பேட்டரி நிறைந்துவிட்டது. வோல்டேஜையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது என்று தெரியும்.

நிறைந்த பிறகு வருகிற வெயில் எடுக்க ஆளில்லாமல் வீணாகும். ஒன்றரை மணிக்கு மேல் செய்தவை: லேப்டாப்பைச் சார்ஜில் போட்டோம், விசிறியை முழு வேகத்தில் வைத்தோம், ஃப்ரிட்ஜை இரண்டு டிகிரி கூடுதலாகக் குளிரவிட்டோம். ராத்திரிக்கு வேண்டிய குளிரைப் பகலிலேயே ஏற்றி வைத்துக்கொண்டால் இரவில் கம்ப்ரசர் ஓடும் நேரம் குறைகிறது. இருட்டிய பிறகு ஃப்ரிட்ஜைப் பழைய அளவுக்குத் திருப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். திங்கள் காலை பார்த்தபோது 76.

திங்கள், காட்டோரம்

இடம் அருமை. உயர்ந்த மரங்கள், அடர்ந்த நிழல், வெயில் தெரியவே தெரியாத குளிர்ச்சி. தம்பி இறங்கியதும் மூச்சை இழுத்துவிட்டு, "இங்கேயே இருந்துடலாம்" என்றான். கூரைப் பேனலோ 1.2 ஆம்பியர் காட்டியது.

கேரவனில் சோலார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தினமும் வரும் இழுபறி இது. வெயிலில் நிறுத்தினால் பேட்டரி நிறையும், உள்ளே வெந்துபோவோம், ஃப்ரிட்ஜும் விசிறியும் கூடுதலாகத் தின்னும். நிழலில் நிறுத்தினால் நாம் சுகமாக இருப்போம், பேட்டரி காயும். எத்தனை வாட் வைத்திருக்கிறோம் என்பதைவிட எங்கே நிறுத்துகிறோம், எந்த மணிக்கு நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதுதான் அன்றைய கணக்கை முடிவு செய்கிறது. 400 வாட்டைக் கூரையில் ஏற்றி மரத்தடியில் நிறுத்தியவரைவிட, 100 வாட்டை வெயிலில் விரித்தவர் அதிகம் சேர்ப்பார்.

நிழல் முழுதாக விழ வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு கிளையின் கோடு போதும். சாதாரண 100 வாட் பேனலில் 36 செல்கள் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். ஒற்றைத் தடச் சாலையில் ஒரு லாரி நின்றுவிட்டால் பின்னால் எத்தனை வண்டி இருந்தாலும் நகராது. அதே போல நிழல் விழுந்த ஒரு செல் எவ்வளவு மின்னோட்டத்தை விடுகிறதோ அவ்வளவுதான் மற்ற 35-லும் ஓடும். அந்தச் செல் சூடாகிக் கருகிப் போகாமலிருக்க பைபாஸ் டயோடு வைத்திருப்பார்கள், பெரும்பாலும் 18 செல்லுக்கு ஒன்று. நிழல் விழுந்த பாதியை அது விலக்கிவிட்டு மீதிப் பாதியை ஓடவிடும். ஆனால் 18 வோல்ட் பேனல் பாதியானால் 9 வோல்ட். 12 வோல்ட் பேட்டரிக்குள் 9 வோல்ட் எப்படிப் போகும்?

இரண்டு பேனல்களையும் நான் சீரியலில் (ஒன்றன்பின் ஒன்றாக) இணைத்திருப்பதற்கு இது ஒரு காரணம். ஒன்றில் பாதி விலகினாலும் 18-ம் 9-ம் சேர்ந்து 27 வோல்ட் நிற்கும், எம்பிபிடி அதை இறக்கி ஆம்பியராக மாற்றிக்கொள்ளும். நான்கில் மூன்று பங்கு கிடைக்கும். பேரலலில் (பக்கம் பக்கமாக) இருந்தால் நிழல் பட்ட பேனல் கிட்டத்தட்ட ஒதுங்கிவிடும், பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் வைத்திருப்பவர் இதைப் பின்பற்றக் கூடாது. அது பேனலைப் பேட்டரி வோல்டேஜுக்கே இழுத்து வைக்கும் சாதனம், கூடுதல் வோல்டேஜை ஆம்பியராக்கத் தெரியாது. அவருக்குப் பேரலல்தான் சரி.

ஆனால் இங்கே கூரை முழுக்க நிழல், சீரியலும் பேரலலும் ஒன்றும் செய்ய முடியாது. மடித்த பேனலை எடுத்தோம். பத்து மீட்டர் தள்ளி மரங்களுக்கு நடுவே ஓர் இடைவெளியில் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே விரித்து, கால்களை நிறுத்தி, சூரியனுக்கு நேராகத் திருப்பினோம். நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன வழி: பேனலின் மேல் ஒரு பென்சிலை நட்டுக்குத்தாக வைத்தால் அதன் நிழல் தெரியக் கூடாது. நிழல் எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்க விளிம்பைத் தூக்க வேண்டும். தம்பி பேனலை அசைக்க, நான் பென்சிலைப் பிடிக்க, நிழல் சுருங்கிச் சுருங்கிப் பென்சிலின் அடிக்குள்ளேயே போய்விட்டது. பேட்டரிக்குள் 7.4 ஆம்பியர்.

இந்தப் பேனலுக்கான கேபிள் 4 சதுர மில்லிமீட்டர். போக 10 மீட்டர், வர 10 மீட்டர், மொத்தம் 20 மீட்டர் செம்பு. அதன் தடை 0.09 ஓம் போல. பேனல் முழுத் திறனில் கேபிளுக்குள் 6.7 ஆம்பியர் அனுப்பும்போது 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும், ஏறக்குறைய 4 வாட். பொறுத்துக்கொள்ளலாம். வீட்டு விளக்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயரைக் கொண்டு வந்திருந்தால் 10 வாட்டுக்கு மேல் வயரைச் சூடாக்கவே செலவாகியிருக்கும்.

அதைவிட முக்கியமான ஒன்று. மடிக்கும் பேனல்கள் பலவற்றில் முதுகிலேயே ஒரு கன்ட்ரோலர் ஒட்டி வரும். நீண்ட கேபிளோடு அதைப் பயன்படுத்தினால், கன்ட்ரோலர் நிற்கும் இடத்தில் 14.4 வோல்ட் இருக்கும்போது பேட்டரி முனையில் 13.8-தான் இருக்கும். நிறைந்துவிட்டது என்று நினைத்து கன்ட்ரோலர் முன்கூட்டியே கையை இழுத்துக்கொள்ளும். பேட்டரி பாதி வயிற்றோடு நிற்கும். அதனால் அந்தக் கன்ட்ரோலரைக் கழற்றி, பேனலிலிருந்து நேராகக் கேபிளை எடுத்து, பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் தனிக் கன்ட்ரோலரில் கொடுத்திருக்கிறேன். முதுகிலிருக்கும் கன்ட்ரோலரையும் விட்டுவைத்து, அதன் வெளியீட்டைக் கேரவனின் கன்ட்ரோலருக்கே கொடுப்பவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். ஒன்றுக்கு வேண்டியது பேட்டரி, மற்றொன்றுக்கு வேண்டியது பேனல். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் குழம்பி நிற்கும்.

செவ்வாய், அதே காடு

காலை 62. பேனலை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நகர்த்திக்கொண்டே இருந்தோம். வெயில் விழும் இடைவெளி தரையில் நகர்கிறது, நாமும் கூடவே போக வேண்டும்.

பக்கத்துக் கேரவனில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும். நாங்கள் பேனலைத் தூக்கிக்கொண்டு அலைவதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"தம்பி, எங்க பேட்டரி போயிடுச்சு போல. சாயங்காலம் 12.9 காட்டுது. காலையில 11.9. கூரையில பேனல் இருக்கு, என்ன பிரயோஜனம்?"

"நீங்க அக்காகிட்ட கேளுங்க ஐயா, அவங்கதான் இதுல இன்ஜினீயர்" என்று தம்பி என்னைக் கைகாட்டிவிட்டு நகர்ந்தான். நான் இன்ஜினீயர் இல்லை. ஆனாலும் போய்ப் பார்த்தேன்.

100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி, 100 வாட் பேனல், பிடபிள்யூஎம் கன்ட்ரோலர். மாலையில் காட்டும் 12.9 உண்மையான நிறைவு இல்லை. சார்ஜ் நின்ற உடனே அளந்தால் மேற்பரப்பில் தங்கிய சார்ஜ் வோல்டேஜைத் தூக்கிக் காட்டும். சில மணி நேரம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அளக்க வேண்டும். கூரையில் ஏறிப் பார்த்தேன். பேனலுக்கு கிழக்கே டிவி ஆன்டெனா கம்பி. காலையிலிருந்து பதினொரு மணிவரை அதன் நிழல், என் சுண்டு விரல் அகலம்தான், ஒரு வரிசைச் செல்களின் மேல் விழுந்து கிடந்தது. 0.6 ஆம்பியர். கம்பியை மடக்கச் சொன்னேன். இறங்கி வருவதற்குள் 3.8 ஆகியிருந்தது. அந்த அம்மா கைதட்டிச் சிரித்தார்.

ஆனால் உண்மையான கொள்ளை உள்ளே நடந்துகொண்டிருந்தது. அவர்களுடையது மூன்று வழி அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ்: எரிவாயு, வீட்டு மின்சாரம், 12 வோல்ட் மூன்றிலும் ஓடும். 12 வோல்ட்டில் வைத்திருந்தார்கள். அது உள்ளே ஹீட்டரைச் சூடாக்கித்தான் குளிர்விக்கும், 10 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். ஒரு நாளைக்கு 240 ஆம்பியர்-மணி. 100 வாட் பேனல் அல்ல, 800 வாட் போட்டாலும் திணறும். அந்த 12 வோல்ட் இணைப்பு ஓடும்போது மட்டும் ஆல்டர்னேட்டர் தாங்கிக்கொள்வதற்காக வைத்தது. நின்றதும் எரிவாயுவுக்கு மாற்ற வேண்டும், கேரவன் சமமாக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் உள்ளே இருக்கும் அமோனியாக் கரைசல் சரியாக ஓடாது.

பேட்டரியைப் பற்றி அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். லெட் ஆசிட்டைப் பாதிக்குக் கீழே இறக்காமலிருந்தால் நீண்ட காலம் உழைக்கும். குறைந்த சார்ஜிலேயே நாள்கணக்கில் விட்டால் தகடுகளில் ஈய சல்பேட் படிகமாக இறுகி, பிறகு சார்ஜை ஏற்காது. சல்பேஷன் என்பது அதுதான். அதோடு கடைசி 20 சதவீதம் நிறைய அது பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். எவ்வளவு பெரிய பேனல் வைத்தாலும் அந்தக் கடைசிப் பங்கை அவசரப்படுத்த முடியாது. அதனால் லெட் ஆசிட் வைத்திருப்பவர் ஓட்டத்தைக் காலையில் வைத்துக்கொள்வது நல்லது. ஆல்டர்னேட்டர் அடித்தளத்தை வேகமாக நிரப்பிவிடும். மதியம் வெயில் நிதானமாக மேல்பகுதியை முடிக்கும். மாலையில் ஓட்டினால் பேட்டரி முழுதாக நிறைவதற்குள் இருட்டிவிடும்.

எங்கள் பேட்டரி இரவு ஏழு மணிக்கு 85.

புதன், மழை

விடிந்தபோதே தூறல். காலை 61. ஒரு நாள் முழுக்க வானம் விலகவே இல்லை. உச்சி வேளையில் கூரைப் பேனல் 1.5 ஆம்பியர், வெளியே விரித்தது ஒன்றுக்கும் கீழே. கனத்த மேகத்தில் பத்தில் ஒரு பங்கு வந்தால் அதிகம்.

இப்படியான நாளில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளலாம்: மேகமான நாளில் பேனலைச் சூரியன் இருக்கும் திசைக்குச் சாய்த்து வைப்பதில் பயனில்லை. ஒளி வானம் முழுவதிலிருந்தும் சிதறி வருகிறது. படுக்கையாக வைத்தால் முழு வானத்தையும் பார்க்கும், அதுவே மேல்.

செலவைக் குறைத்தோம். இன்வெர்ட்டரை முதலில் அணைத்தோம். எதுவும் செருகாமல் சும்மா விட்டாலே 10 வாட்டுக்கு மேல் குடிப்பவை உண்டு. கிட்டத்தட்ட ஓர் ஆம்பியர், நாள் முழுக்க வைத்தால் 20-க்கு மேல் ஆம்பியர்-மணி. போன்களை 12 வோல்ட் யுஎஸ்பி பாயின்டில் சார்ஜ் செய்தோம். ஃப்ரிட்ஜை இரண்டு டிகிரி ஏற்றி வைத்து, வேண்டியதை ஒரே தடவையில் எடுத்துக்கொண்டோம். மின்சாரக் கெண்டியைத் தொடவில்லை. 1000 வாட் கெண்டி இன்வெர்ட்டர் வழியாக ஓடினால் பேட்டரியிலிருந்து 85 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஐந்து நிமிடத்தில் ஏழு ஆம்பியர்-மணி. அன்றைக்கு முழு நாளும் சேர்ந்து வானம் கொடுத்ததே ஒன்பதுதான்.

மழையில் உட்கார்ந்து தம்பிக்குப் பழைய கதையெல்லாம் சொன்னேன். எட்மண்ட் பெக்கரல் 1839-ல், தம்பியைவிடச் சின்ன வயதில், 19 வயதில், ஒளி பட்டால் மின்னோட்டம் பிறப்பதைத் தன் அப்பாவின் ஆய்வகத்தில் கண்டார். லெட் ஆசிட் பேட்டரியை காஸ்டன் பிளான்டே 1859-ல் செய்தார். ஆனால் ஒன்றை வைத்து மற்றொன்றை உருப்படியாக நிரப்ப 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு பெல் ஆய்வகத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் செய்த சிலிக்கான் செல், ஒளியில் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. இன்று கூரையில் போடும் நல்ல பேனல் 20-ஐத் தாண்டுகிறது. 1958-ல் அனுப்பிய வான்கார்ட் 1 செயற்கைக்கோளில் இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் இருந்தன. பேட்டரியில் ஓடியது சில மாதங்களில் அடங்கிவிட்டது. சோலார் செல்லில் ஓடியது 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. இதைக் கேட்டதும் தம்பி எழுந்து போய் மீட்டரை மறுபடி பார்த்தான்.

மூன்று மணிக்கு மேகம் ஒரு நிமிடம் கிழிந்தது. அந்தக் கிழிசலின் விளிம்பில் சூரியன் வந்தபோது 120 வாட் பேனல் 9 ஆம்பியரைத் தாண்டி ஒரு துள்ளல் துள்ளியது. நேர் வெயிலோடு மேக விளிம்பு சிதறடிக்கும் ஒளியும் சேரும்போது எழுதியிருக்கும் எண்ணையும் தாண்டும். பேனலும் மழையில் குளிர்ந்திருந்தது. அடுத்த நிமிடம் பழையபடி ஒன்று. இப்படியான துள்ளலுக்காகவும் கன்ட்ரோலரையும் ஃப்யூஸையும் கொஞ்சம் தாராளமான அளவில் எடுக்க வேண்டும்.

இரவு 49.

வியாழன், மலை ஏற்றம்

காலை மீட்டரில் 34. தம்பி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். டிசி-டிசி சார்ஜரின் ஸ்விட்ச் அவன் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வானம் கழுவி விட்டதுபோல் நீலம். "இன்னும் நாலு இருக்கு" என்றேன். வண்டியை எடுத்தான்.

வளைவுக்கு வளைவு ஆம்பியர் ஏறி இறங்கியது. கிழக்குச் சரிவில் 8, மலையின் முதுகு மறைக்கும்போது 1. பன்னிரண்டரைக்கு மேலே போய்ச் சேர்ந்தபோது 50-ஐத் தாண்டியிருந்தது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் நான் பார்த்தது ஒன்றே ஒன்று: மாலையில் சூரியன் எந்த முகட்டுக்குப் பின்னால் போகும். மலையில் சூரிய அஸ்தமனம் நாட்காட்டியில் இருக்கும் நேரத்துக்கு நடக்காது. மேற்கே முகடு இருந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகவே பேனலுக்கு இருட்டிவிடும்.

மூன்று மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் இருந்தது. அப்போது இரண்டு கன்ட்ரோலர்களையும் சேர்த்துப் பார்த்தேன். கூரையின் 200 வாட் 6.5 ஆம்பியர். சூரியனுக்கு நேராகத் திருப்பி வைத்த 120 வாட் 7.8 ஆம்பியர். சிறியது பெரியதை வென்றுவிட்டது. படுக்கையான பேனலின் மேல் 30 டிகிரியில் விழும் வெயில் பாதிதான் பயன்படும், கோணத்தின் சைன் மதிப்பு 0.5. அதிகாலை, மாலை, குளிர்காலம் எல்லாவற்றிலும் இதே கதை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் நடுப்பகலில் படுக்கைப் பேனல் கிட்டத்தட்ட முழுதும் தரும். விலகிப் போகப் போக வட அரைக்கோளத்தில் தெற்கு நோக்கியும் தென் அரைக்கோளத்தில் வடக்கு நோக்கியும் சாய்க்க வேண்டும்.

மாலை 77. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. விசிறி தேவைப்படாத குளிர், ஃப்ரிட்ஜ் அரைத் தூக்கத்தில். நிம்மதியாக இருந்தது.

வெள்ளி, மலையிலிருந்து கடற்கரைக்கு

விடிகாலையில் பேனலின் மேல் உறைபனி, நகத்தால் கீறினால் வெள்ளைப் பொடியாக வந்தது. வெளியே மைனஸ் 1. இருக்கைப் பெட்டிக்குள் பேட்டரி 8 டிகிரி. லித்தியம் பேட்டரியை உள்ளே வைத்திருப்பதன் அருமை இங்கே தெரியும். பூஜ்ஜியத்துக்குக் கீழே அதிலிருந்து எடுக்கலாம், சார்ஜ் ஏற்றக் கூடாது. ஏற்றினால் லித்தியம் உலோகமாக எதிர்மின் முனையில் படிந்து செல்லை நிரந்தரமாகக் கெடுக்கும். நல்ல பேட்டரியில், உள்ளேயே இருக்கும் காவல் சுற்றான பிஎம்எஸ் அதைத் தடுத்துவிடும். வாங்கும் முன் அந்தத் தடுப்பு இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பேனலுக்கோ குளிர் பிடிக்கும். வோல்டேஜ் ஏறும். சுமையில்லாதபோது 22 வோல்ட் காட்டும் பேனல்கள் இரண்டைச் சீரியலில் போட்டால் 44. உறைநிலையில் அது 47-ஐத் தொடும். 50 வோல்ட் வரை தாங்கும் கன்ட்ரோலருக்கு இது விளிம்பு. பனிப் பகுதிக்குப் போகிறவர் 75 அல்லது 100 வோல்ட் தாங்கும் கன்ட்ரோலராக வாங்குவதே பத்திரம்.

மதியம் கடற்கரை. உப்புக் காற்று. கண்ணாடியில் மெல்லிய படலம், விரல் வைத்தால் ஒட்டியது. அதற்கு மேல் ஒரு பறவை எச்சம், சரியாக ஒரு செல்லின் அளவில். நிழலைப் போலவே அதுவும் ஒரு வரிசையையே முடக்கும். சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது என்பதால் வெயில் தாழும்வரை காத்திருந்து, நல்ல தண்ணீரும் மெல்லிய துணியும் கொண்டு துடைத்தேன். கனெக்டர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், ஒன்றில் பச்சைப் பூப்பு தொடங்கியிருந்தது. அதைக் கழற்றும் முன் பேனல்களின் மேல் போர்வை போட்டு மூடினோம். வெயிலில் ஓடிக்கொண்டிருக்கும் நேர்மின்னோட்ட இணைப்பைப் பிரித்தால் தீப்பொறி வில்லாக நீளும், கனெக்டரையே உருக்கிவிடும்.

காற்று பலமாக இருந்ததால் மடிக்கும் பேனலின் கால்களைத் தண்ணீர்க் கேன்களோடு கட்டினான் தம்பி. இரவு பார்த்தபோது 91.

சனி, வீடு

வந்து சேர்ந்தாயிற்று. டிசி-டிசி சார்ஜரைத் தொடவே இல்லை. அடுத்த பயணம்வரை கேரவன் கொட்டகையில் நிற்கும், வெயில் படாது. அதனால் மடிக்கும் பேனலையும் கூரைப் பேனலையும் முதலில் பிரித்தேன், பேட்டரியைக் கன்ட்ரோலரிலிருந்து அதற்குப் பிறகுதான். மாட்டும்போது இதற்கு நேர்மாறு, பேட்டரி முதலில், பேனல் பிறகு. பேனல் மட்டும் இணைந்து பேட்டரி இல்லாமல் இருந்தால் சில கன்ட்ரோலர்கள் தாங்காது.

லித்தியத்தை நிறைத்து வைத்துப் பூட்ட வேண்டியதில்லை. 60 சதவீதம்வரை இறக்கிவிட்டு மெயின் ஸ்விட்சை அணைத்தோம். மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். லெட் ஆசிட் என்றால் இது தலைகீழ்: முழுதாக நிறைத்து, முடிந்தால் ஒரு சிறிய பேனலை வெயிலில் விட்டு ஃப்ளோட்டிலேயே வைத்திருக்க வேண்டும். அந்தப் பெரியவருக்கும் இதைத்தான் எழுதி அனுப்பினேன். எரிவாயுவுக்கு மாற்றிய பிறகு காலையில் 12.5 காட்டுகிறதாம்.

மடிக்கும் பேனலுக்கு 15 மீட்டர் கேபிள் வேண்டும் என்று தம்பி சொல்கிறான், இன்னும் தள்ளியிருக்கும் வெயிலையும் எட்டிப் பிடிக்கலாம் என்று. அந்த நீளத்துக்கு 4 போதாது, 6 சதுர மில்லிமீட்டராக எடுக்க வேண்டும்.